பாலம் தாண்டுமுன்: கடற்கரைச் சுகாதார நிலையங்களில் எல்லாரும் ஒரே அணியாக வேலை செய்யும் முறை

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 55 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஒரு நோயாளி குறைந்தது ஐந்து பேர் கை மாறுகிறார். வீட்டில் முதலில் பார்க்கும் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ், மருத்துவ அலுவலர், 108-இல் வரும் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்), கடைசியில் வார்டில் வாங்கிக்கொள்ளும் பணி மருத்துவர். ஐந்து பேருக்கும் அவரவர் வேலை தெரியும். அப்படியும் காரியம் கெடுகிறதென்றால், பெரும்பாலும் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் கெடுகிறது. போட்ட ஊசி எழுதப்படாமல் போகிறது, பார்த்த அறிகுறி சொல்லப்படாமல் போகிறது, இரண்டு பேரும் 'மற்றவர் செய்திருப்பார்' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த நிமிடத்தை ஒழுங்குபடுத்தத்தான் இந்த வழிமுறை. மண்டபம், தங்கச்சிமடம், உச்சிப்புளி, கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் போன்ற ஊர்களின் சுகாதார நிலைய ஊழியர்களை மனதில் வைத்து எழுதியது. இதில் வரும் மருந்து அளவுகள் உதாரணத்துக்காக. உங்கள் நிலையத்தில் மருத்துவ அலுவலர் கையெழுத்திட்டு ஒட்டிய தாள் எதுவோ, அதுதான் கணக்கு.

சுவரில் ஒரு தாள்

எதற்கும் முன்னால், ஏ4 அளவில் ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். பிரசவ அறையில் ஒன்று, அவசர சிகிச்சை மேசைக்கு மேல் ஒன்று, மருந்தகத்தில் ஒன்று. இடப்பக்கம் தொலைபேசி எண்கள்: மருத்துவக் கல்லூரி பிரசவ வார்டு, அவசரப் பிரிவு, இரத்த வங்கி, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு, உங்கள் வட்டார மருத்துவ அலுவலர், அருகிலுள்ள 108 வண்டி நிற்குமிடம். ஆள் பெயருக்கு நேரான செல்போன் எண் ஆறு மாதத்தில் செத்துவிடும். ஆகவே பதவிக்கு நேராக எண் எழுதுங்கள், மாதம் முதல் தேதியன்று ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை அழைத்துச் சரிபார்த்துப் பக்கத்தில் தேதி போடுங்கள். அந்த வேலையை ஒரே ஆளிடம் கொடுங்கள். 'எல்லாரும் பார்த்துக்கலாம்' என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

வலப்பக்கம் சாவி விவரம். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பாம்புக்கடி வரும்போது, விஷமுறிவு மருந்து பார்மசிஸ்ட் பூட்டிய ஸ்டோரில் இருந்து, சாவி பரமக்குடியில் அவர் வீட்டில் இருந்தால், மருந்து இருந்தும் இல்லாததுதான். மாலை வீட்டுக்குப் போகுமுன் பார்மசிஸ்ட் 10 குப்பி விஷமுறிவு, 12 ஆம்பூல் மெக்னீசியம் சல்ஃபேட், அட்ரினலின், கால்சியம் குளுக்கோனேட் ஆகியவற்றை அவசர டிரேயில் எண்ணி வைத்து, இரவு ஸ்டாஃப் நர்ஸிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக்ஸிடோசின் குளிர்பெட்டியில். காலையில் குறைந்ததை நிரப்புவது மறுபடி பார்மசிஸ்ட் வேலை. இருப்புக் கணக்கு யாருடையது, பயன்பாடு யாருடையது என்ற தகராறு இதோடு தீர்ந்துவிடும்.

தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போகும் ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே செல்போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், அழைப்பு போகாது. நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்து, நம்ம ஊர் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

ஓ.பி. தொடங்குமுன் பத்து நிமிடம்

காலையில் எல்லாரும் நின்றபடி பேசிக்கொள்ளும் கூட்டம். நாற்காலி போட்டால் பத்து நிமிடம் நாற்பது ஆகும், டீ வரும், அப்புறம் அது நிர்வாகக் கூட்டமாகிவிடும். இரவுப் பணி முடித்துப் போகும் சிஸ்டர், பகல் சிஸ்டர், மருத்துவ அலுவலர், பார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன், மருத்துவமனைப் பணியாளர் எல்லாரும் இருக்கவேண்டும். பணியாளரை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. வெளிக் கழிவறையில் ஒரு நோயாளி தலைசுற்றி உட்கார்ந்திருந்ததை முதலில் பார்ப்பது அவர்தான்.

முதலில் பேசவேண்டியவர் இரவு சிஸ்டர்: யாரைப் பற்றி இரவெல்லாம் கவலையாக இருந்தது என்று அவர் சொல்லட்டும். டாக்டர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டுவதோடு கூட்டம் முடிந்துவிடும். அடுத்து, பத்து நாளுக்குள் பிரசவத் தேதி உள்ள தாய்மார் யார் யார், அதில் அதிக ஆபத்துள்ளவர் எவர். கர்ப்பிணிகளுக்கான அரசு இணையப் பதிவான பிக்மியில் உள்ள பட்டியலையும் கிராம சுகாதார செவிலியர் கைநோட்டில் உள்ளதையும் வாரம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண் இரண்டு பட்டியலிலும் இருப்பாள், இரண்டு ஊரிலும் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

அதன்பின் கருவிகள். 'ஆக்ஸிஜன் இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'இருக்கு' என்றுதான் பதில் வரும். 'எவ்வளவு அழுத்தம் காட்டுது?' என்று கேளுங்கள். பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் கொடுத்தால் இரண்டரை மணி நேரம் வரும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் வழிக்கு மட்டும் 750 லிட்டர் வேண்டும். பாதி சிலிண்டரோடு கிளம்பினால், பாலத்தில் வண்டி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆக்ஸிஜன் கடன்தான்.

பாலத்தையும் காலையிலேயே பேசிவிட வேண்டும். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம்தான் தீவுக்கு ஒரே சாலை வழி. கடலைப் பார்க்கப் பாலத்திலேயே காரை நிறுத்துகிறவர்கள் தினமும் உண்டு. தை, ஆடி அமாவாசைகளில் அக்னி தீர்த்தத்துக்கு வரும் கூட்டம் பாலத்தின் இரு முனையிலும் அடைத்துக்கொள்ளும். ஆகவே அமாவாசைக்கு முந்தின காலைக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுங்கள்: பிரசவத் தேதி நெருங்கிய, ஆபத்துள்ள தாய்மாரை முதல் நாளே கரைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவது. மறுநாள் அனுப்பலாம் என்று வைத்திருப்பது அந்த இரண்டு நாட்களில் மட்டும் கூடாது.

போனில் சொல்வது எப்படி

நோயாளியை அனுப்பும்போது மேல் மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லவேண்டிய வரிசை ஐந்து: நான் யார், நோயாளி யார், இப்போது என்ன, இதுவரை என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஆறு. 'நான் யார்' என்பதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகாது, அதனால் பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சொல்லாமலும் விட்டுவிடுகிறார்கள், பிறகு திருப்பி அழைக்க எண் தெரியாமல் எதிர்ப்பக்கம் தவிக்கிறது.

ஒரு உதாரண அழைப்பு (இதில் வரும் ப்ரீ-எக்லாம்ப்சியா, கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை போகக்கூடிய நிலை; மெக்னீசியம் சல்ஃபேட் அந்த வலிப்பைத் தடுக்கும் மருந்து):

"டாக்டர், வணக்கம். தங்கச்சிமடம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேருந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். 26 வயசு அம்மா, முதல் கர்ப்பம், 35 வாரம். இப்ப பி.பி. 170-க்கு 110. யூரின்ல ஆல்புமின் மூணு பிளஸ். கடுமையான தலைவலி, கண் மங்கலாத் தெரியுதுங்குறாங்க. வலிப்பு வரல. போன வாரம் பி.பி. 130-க்கு 84 இருந்துச்சு. கடுமையான ப்ரீ-எக்லாம்ப்சியான்னு நினைக்கிறேன். மெக்னீசியம் சல்ஃபேட் 10 கிராம், ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு கிராம், பத்து நாப்பதுக்குப் போட்டாச்சு. 108 இன்னும் பத்து நிமிஷத்துல வந்துரும். எங்க டாக்டர் கூடவே இருக்காங்க. பி.பி.க்கு இப்ப என்ன குடுக்கணும், பெட் தயாரா இருக்குமா, இந்த ரெண்டும் வேணும்."

அந்தப் பக்கத்திலிருந்து பதில்: "நிஃபெடிபின் 10 மில்லிகிராம், வாய் வழியா குடுங்க. அரை மணி கழிச்சும் 160-க்கு 110-க்குக் கீழ வரலைன்னா இன்னொரு 10."

இங்கேதான் பலர் 'சரிங்க டாக்டர்' என்று வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "நிஃபெடிபின் பத்து, வாய் வழியா, இப்ப. அரை மணி கழிச்சு பி.பி. பார்த்து, 160-க்கு 110-க்கு மேலயே இருந்தா இன்னொரு பத்து. சரிதானே டாக்டர்?" 'ஆமா' என்று வந்த பிறகுதான் அந்த உத்தரவு முழுமை. திருப்பிச் சொல்வதை அவமானமாக நினைக்கும் டாக்டர்களும் உண்டு, சொல்ல வெட்கப்படும் நர்ஸ்களும் உண்டு. கடற்காற்றில் செல்போனில் 'பத்து' என்பது 'பத்தாது' என்று கேட்கும் என்பதைத் தெரிந்தவர் யாரும் அதற்குக் கோபப்படமாட்டார்.

இந்த அழைப்பில் 'நான் நினைப்பது இது' என்ற வரி முக்கியம். தவறாக இருந்தாலும் பரவாயில்லை. அது இல்லாமல் எண்களை மட்டும் அடுக்கினால், கேட்பவருக்கு எவ்வளவு அவசரம் என்று புரியாது. நோய் கண்டறிவது நர்ஸ் வேலையில்லையே என்ற தயக்கம் இருந்தால், 'எனக்கு இதுதான் பயமா இருக்கு' என்று சொல்லுங்கள், அது போதும்.

வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டு, தகவல் சொல்லியாயிற்று என்று இருப்பது அவசர நேரத்தில் தகவல் ஆகாது. இரண்டு நீல டிக் வந்தாலும் பார்த்தவர் பணியில் இல்லாமல் இருக்கலாம். ஈ.சி.ஜி. படத்தை அனுப்புங்கள், ஆனால் அனுப்பிவிட்டு அழையுங்கள். நோயாளியின் பெயர், முகம், ஆதார் எண் எதுவும் குழுவில் வரக்கூடாது.

ஊசி போட்ட நேரம் எங்கே எழுதுவது

மெக்னீசியம் சல்ஃபேட் 50 சதவீத ஆம்பூல் ஒன்று 2 மில்லி, அதில் 1 கிராம். புட்டத்தின் ஒரு பக்கத்துக்கு 5 கிராம் என்றால் ஐந்து ஆம்பூல், 10 மில்லி. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பத்து ஆம்பூல். ஒருவர் உடைத்து ஏற்றும்போது இன்னொருவர் காலி ஆம்பூல்களை எண்ணவேண்டும். தனியாக இருக்கும் சிஸ்டர் மருத்துவமனைப் பணியாளரைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லலாம். பத்து வரை எண்ணப் பட்டம் தேவையில்லை.

இதில் வழக்கமாக நடக்கும் விபத்து இரண்டு. ரெஃபரல் சீட்டில் 'மெக்னீசியம் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கும், அளவும் நேரமும் இருக்காது. வாங்கும் மருத்துவர் சந்தேகத்தில் மறுபடி முழு முதல் டோஸ் போட்டால் மருந்து மிகையாகும்: முதலில் முழங்கால் அனிச்சை போகும், பிறகு மூச்சு மந்தமாகும். இன்னொன்று இதற்கு நேர் எதிர். சீட்டு உறவினர் பையில் இருக்கும், உறவினர் பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார், மருந்து போட்டதே தெரியாது.

ஆகவே மூன்று இடத்தில் எழுதுங்கள்: ரெஃபரல் சீட்டு, உங்கள் பதிவேடு, அப்புறம் தாயின் இடது மணிக்கட்டில் ஒரு துண்டு பிளாஸ்டர். பிளாஸ்டரில் மருந்து, அளவு, நேரம், வழி நான்கும் இருக்கட்டும். வியர்வையில் அழியாத மார்க்கர் பேனா அவசர டிரேயிலேயே கிடக்கவேண்டும். இரத்தப்போக்குக்குக் கொடுத்த ஆக்ஸிடோசினும் டிரானெக்ஸாமிக் அமிலமும் அதே பிளாஸ்டரில் வரட்டும்.

108 வந்ததும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே பேசாதீர்கள். இரத்தம் பீறிடுவதோ இதயம் நின்றதோ தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரு நிமிடம் யாரும் கை வைக்காமல் நின்று கேட்கவேண்டும். ஸ்டாஃப் நர்ஸ் சொல்வதை இ.எம்.டி. திருப்பிச் சொல்வார். அப்போதே அவர் மூன்று விஷயம் கேட்டு வாங்கவேண்டும்: வழியில் எது நடந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது, எந்த வாசலில் இறக்குவது. மெக்னீசியம் போட்ட தாய் என்றால் வழியில் மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் கீழே இறங்குகிறதா என்று எண்ணுவது, இறங்கினால் மருத்துவர் சொன்னபடி அதன் முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட். மூச்சை எண்ணுவது முழு ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் குலுங்கும் வண்டியில் கணக்குத் தப்பும். 108 வண்டியை ஓட்டும் பைலட்டும் இந்தப் பேச்சைக் கேட்கவேண்டும், பாலத்தில் நெரிசல் என்றால் முன்கூட்டிக் காவல் நிலையத்துக்குச் சொல்வது அவர்தான்.

விபத்துக் காயம் என்றால் உறவினரிடம் பணம் பற்றிய பயத்தை அங்கேயே போக்குங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இதைச் சொல்லாமல் விட்டால் வண்டியைப் பாதியில் நிறுத்தித் திரும்பச் சொல்லும் வீட்டாரும் உண்டு.

பாம்புக்கடி: நாலு பேர், ஒரு கடிகாரம்

இந்தக் கடற்கரையில் பாம்புக்கடியில் அணியின் வேலை ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஓ.பி. சீட்டு எழுதுபவரே கேட்கவேண்டிய கேள்வி: கரையிலா, கடலிலா? வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது கடித்த கடல்பாம்புக்கு நம்மிடமுள்ள விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்குத்தான். கடல்பாம்புக் கடியில் கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசை வலி, வாய் திறக்கச் சிரமம், சிறுநீர் காபி நிறம். டயாலிசிஸும் வென்டிலேட்டரும் உள்ள இடத்துக்கு உடனே கிளப்பவேண்டியது இவரைத்தான். 'கடல்ல கடிச்சா ஒண்ணும் ஆகாது' என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துப்போகும் பழக்கம் படகுத்துறையில் உண்டு, கிராம சுகாதார செவிலியர் அதை அங்கேயே உடைக்கவேண்டும்.

கரைக்கடியில் லேப் டெக்னீஷியன் செய்யும் 20 நிமிட இரத்தம் உறைதல் சோதனைதான் பல முடிவுகளுக்கு அடிப்படை. புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம். ஆட்டாமல், சாய்க்காமல் 20 நிமிடம். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்த்தல். பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தம்கூட உறையாமல் இருக்கும். உறையவில்லை என்று நினைத்துத் தேவையில்லாமல் விஷமுறிவு ஏற்றிவிடுவார்கள். இரவில் லேப் டெக்னீஷியன் இருக்கமாட்டார். ஆகவே அவர் பகலிலேயே ஐந்து குழாய்களைத் தனி டப்பாவில் 'பாம்புக்கடிக்கு மட்டும்' என்று எழுதி வைத்துவிட்டு, செய்முறையை எல்லா ஸ்டாஃப் நர்ஸுக்கும் ஒருமுறை செய்து காட்டவேண்டும். குழாயை வைத்த நேரத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள், பணியாளர் பலகையில் எழுதட்டும்.

இன்னொரு பொறி: கட்டுவிரியன் கடித்தவருக்கு இரத்தம் சரியாகவே உறையும். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று மட்டும் வருவார், கடிவாய்கூடத் தெரியாது. 'இரத்தம் உறையுது, வீட்டுக்குப் போங்க' என்று அனுப்பக்கூடாது. இமை தொங்குகிறதா, கழுத்தைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று மணிக்கு மணி பார்க்கவேண்டும். அதை நோயாளியின் மனைவிக்கோ மகனுக்கோ கற்றுக்கொடுத்தால் அவர்களும் அணியில் ஒருவர். முன்னால் 25 வரை எண்ணியவர் இப்போது 14-இல் நிற்கிறார் என்று ஓடிவந்து சொல்வார்கள்.

கயிறு இறுக்கிக் கட்டி வந்தால் உடனே வெடுக்கென்று அவிழ்க்காதீர்கள். நரம்பில் ஊசி வழி போட்டு, விஷமுறிவு தயாராகி, டாக்டர் பக்கத்தில் நிற்கும்போது மெல்லத் தளர்த்துவது முறை. விஷமுறிவு ஏற்றத் தொடங்குமுன் அட்ரினலின் அரை மில்லி சிரிஞ்சில் ஏற்றி, லேபிள் ஒட்டி, டிரேயில் இருக்கவேண்டும். ஒவ்வாமை வந்த பிறகு ஆம்பூலைத் தேடுவதற்கு நேரமிருக்காது.

சின்னவர் வாய் திறக்க வழி

மூத்த டாக்டர் தவறான பக்கத்தில் ஊசி போடப்போகிறார். பார்த்த பயிற்சி நர்ஸ் என்ன சொல்வார்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார், அல்லது 'சார், ஒருவேளை...' என்று இழுப்பார். நம் ஊரில் மரியாதை வாயை அடைத்துவிடும். அதனால் சொல்வதற்குப் படிகளை முன்பே எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ளவேண்டும். முதல் படி: "டாக்டர், எனக்குக் கவலையா இருக்கு." கேட்கவில்லை என்றால்: "டாக்டர், இது பாதுகாப்பில்லை, வேற பக்கம்னு சீட்டுல இருக்கு." அப்போதும் இல்லையென்றால்: "நிறுத்துங்க." மூன்றாவது சொல் வந்தால் யாராக இருந்தாலும் கையை எடுத்துவிட்டுச் சரிபார்க்கவேண்டும் என்பதை மருத்துவ அலுவலர் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாத இடத்தில் இந்தப் படிகள் வெறும் காகிதம்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 சரிபார்ப்புகள் உண்டு. அதில் ஒன்று, கத்தி வைக்குமுன் அறையில் உள்ள எல்லாரும் தம் பெயரையும் வேலையையும் சொல்வது. ஒருமுறை வாய் திறந்து பெயர் சொன்னவர் இரண்டாம் முறை தவறைச் சொல்லத் தயங்கமாட்டார். சுகாதார நிலையத்தில் குடும்பநல அறுவை சிகிச்சை முகாம் நடக்கும் நாளில் வெளியிலிருந்து வரும் சர்ஜன், மயக்க மருத்துவர், உள்ளூர் நர்ஸ் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அன்று இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

சுவரோரம் ஒரு நோட்டு தொங்கட்டும்: கொஞ்சத்தில் தப்பியவை. யார் எழுதினார் என்று கையெழுத்து வேண்டாம். மாதம் ஒருமுறை அதை வாசிக்கும்போது 'யார்' என்று கேட்டால் அடுத்த மாதம் நோட்டு காலியாகத்தான் இருக்கும்.

கடலுக்குப் போகும் நாள் பார்த்து கிளினிக்

சர்க்கரை, இரத்த அழுத்த கிளினிக் எந்த நாள் வைப்பது என்பதை டாக்டர் தனியாக முடிவு செய்தால் ஆண்கள் வரமாட்டார்கள். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலையில் திரும்புவது வழக்கம். மறுநாள் மீன் இறக்கி, ஏலம் முடித்துத் தூங்குவார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வெள்ளிக்கிழமை நண்பகலில் யாரும் வரமாட்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீரில் இருப்பார்கள். இதெல்லாம் கிராம சுகாதார செவிலியருக்கும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலருக்கும் மனப்பாடம். கிளினிக் அட்டவணையை அவர்கள்தான் போடவேண்டும், டாக்டர் கையெழுத்திடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கண், பாதம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தச் சோதனை) என்று வருடாந்திரப் பரிசோதனை எல்லாவற்றையும் அதற்குள் முடித்துவிடுங்கள்.

மாத்திரை எழுதும்போது டாக்டர் கேட்கவேண்டிய கேள்வி: 'படகுல எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க அண்ணே?' சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெப்பிரைடு மாத்திரை போட்டுவிட்டு வலை இழுத்து முடிக்கும்வரை சாப்பிடாமல் இருந்தால் நடுக்கடலில் சர்க்கரை இறங்கும். வேர்வை, கைநடுக்கம், உளறல் என்று தெரிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கப் படகு டிரைவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். சொல்லித்தருவது பார்மசிஸ்ட். இன்சுலினும் அவர் பொறுப்பு. 'குளிர்ச்சியா வைங்க' என்று மட்டும் சொன்னால் மீன் ஐஸ் பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஐஸில் நேராகப் பட்டு உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயனற்றது. பயன்பாட்டில் உள்ள குப்பியை ஈரத்துணி சுற்றி, வெயில் படாத மூலையில் வைத்தால் போதும். சித்த மருத்துவப் பிரிவில் தனியாக மருந்து வாங்குபவர் என்றால் இரண்டு பிரிவின் மருந்தும் ஒரே அட்டையில் இருக்கட்டும். ரமலான் நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே சர்க்கரை நோயாளிகளை அழைத்து மருந்து நேரத்தை மாற்றித் தரவேண்டும், அதற்குப் பள்ளிவாசல் அறிவிப்பைவிட நல்ல வழி கிடையாது.

படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டில்

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், நோய்த் தணிப்பு நர்ஸ் மூவரும் வீடு தேடிப் போகிறார்கள். மூவரும் வெவ்வேறு நாள் போனால், பக்கவாதம் வந்தவரின் மனைவிக்கு மூன்று விதமான அறிவுரை. பிசியோ 'உக்கார வைங்க' என்பார், நர்ஸ் 'புட்டத்துல புண் இருக்கு, உக்கார வைக்காதீங்க' என்பார். முடிவில் அந்த அம்மா எதையும் செய்யமாட்டார். முதல் வருகை மட்டுமாவது மூவரும் சேர்ந்து போங்கள். வீட்டிலேயே ஒரு நாற்பது பக்க நோட்டு தங்கட்டும்: தேதி, யார் வந்தார், என்ன பார்த்தார், அடுத்தவர் என்ன பார்க்கவேண்டும். இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்கும் அட்டவணையும் சிறுநீர்க் குழாய் மாற்றவேண்டிய தேதியும் முதல் பக்கத்தில். அந்த மனைவி சொல்வதையும் யாராவது எழுதவேண்டும், இரவில் இருமியதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஏர்வாடி

மனநோயாளிகளைத் தர்காவுக்கு அழைத்துவரும் ஊரான ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-இல் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. இங்கே அணியில் மனநல மருத்துவர், சமூகப் பணியாளர், மனநல நர்ஸ் இவர்களோடு தர்காவில் ஓதிவிடுபவரும் ஒருவர். நோயாளியும் வீட்டாரும் நம்பி வந்தது அவரிடம். 'மாத்திரையும் சாப்பிடு, துஆவும் நடக்கட்டும்' என்று அவர் வாயால் வந்தால் மாத்திரை உள்ளே போகும். அதைக் கேலி செய்யும் ஊழியரை அங்கே பணிக்குப் போடாதீர்கள்.

மனநோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் தர்கா வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்தால், வாந்தி பேதி வந்தால், இரத்தத்தில் மருந்து ஏறி நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். அதைப் பேய் என்று சொல்லுமுன் லேப் டெக்னீஷியன் கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கவேண்டும். நிலை மோசமாகத் தெரிந்தால் 12 மணி நேரம் காத்திருக்காமல் உடனே எடுத்து, கடைசி டோஸ் நேரத்தைச் சீட்டில் எழுதி, டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊருக்குத் திரும்புகிறவருக்கு, கேரளமானாலும் சரி, அந்த ஊர் மாவட்ட மருத்துவமனைக்கு மருந்துப் பெயர், அளவு, அடுத்த ஊசி தேதியோடு கடிதம் கொடுத்தனுப்பும் வேலை சமூகப் பணியாளருடையது.

மாறுதல் வந்தால்

மருத்துவ அலுவலரோ மூத்த சிஸ்டரோ மாறிப் போகும்போது இந்த ஏற்பாடு எல்லாம் அவர்களோடு போய்விடுவது வழக்கம். புதியவர் சேர்ந்த முதல் நாளில் சுவர்த் தாளைக் காட்டி, அவசர டிரேயை அவர் கையால் எண்ணச் செய்யுங்கள். இரண்டாம் நாள் கிராம சுகாதார செவிலியரோடு ஒரு குடியிருப்புக்கு அனுப்புங்கள். முதல் வாரத்துக்குள் ஒரு ஒத்திகை: பணியாளர் ஒருவர் கர்ப்பிணியாகப் படுக்க, பி.பி. 170-க்கு 110 என்று வைத்துக்கொண்டு, போன் அழைப்பிலிருந்து 108-இல் ஏற்றும்வரை கடிகாரம் பார்த்துச் செய்து முடியுங்கள். எங்கே நின்றது என்று பாருங்கள். பெரும்பாலும் மார்க்கர் பேனா காணாமல் போயிருக்கும்.